214-ஆம் எண் பித்தளைக் கதவை என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அக்கா, அங்கே ஒரு பழைய சாமான் சந்தையில் வாங்கிய பித்தளைக் கதவு ஒன்றை ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளங்கை அளவு, நடுவில் சின்னக் கண்ணாடி, அதில் 214 என்ற எண், கீழே ஆங்கில எழுத்துகள் பொறித்த ஒரு திருகு குமிழ். இது என்ன, எவ்வளவு பழசு, புளி போட்டுத் தேய்த்து உண்டியல் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது அமெரிக்கத் தபால் நிலையத்துப் பெட்டி ஒன்றின் கதவு, விவரம் பின்னால். முதலில் கடைசிக் கேள்வி. புளியைத் தொடாதீர்கள். பதிலைப் பாதி படித்துவிட்டு எழுந்து போய்த் தேய்க்கத் தொடங்கிவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் இதை முன்னால் சொல்கிறேன். என் முதல் கதவை நான் அப்படித்தான் பாழாக்கினேன். குத்துவிளக்கு தேய்த்துப் பழகிய கை அல்லவா, புளியும் கொஞ்சம் உப்பும் வைத்து உட்கார்ந்துவிட்டேன். பித்தளை பளிச்சென்று வந்தது. ஆனால் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த தங்க நிற எண், அதைச் சுற்றியிருந்த மெல்லிய கறுப்புக் கோடு இரண்டும் ஈரத்தில் ஊறி விரலோடு வந்துவிட்டன. எண் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் கறை மட்டும் மிச்சம். பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "இப்ப இது யார் வீட்டுக் கதவு?" என்று கேட்டாள். பதில் இல்லை.

சரி, அது என்ன என்று பார்ப்போம். தெருமுனையில் நாம் கடிதம் போடும் சிவப்புப் பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நம்மூர் முகவரிகளில் "த.பெ. எண்" (தபால் பெட்டி எண்) என்று வருமே, அந்த வகை. தபால் நிலையத்துக்குள்ளேயே சுவர் நிறைய வரிசை வரிசையாக அறைகள். முன்பக்கம் கதவு, பின்பக்கம் திறப்பு. ஊழியர் பின்னாலிருந்து கடிதத்தைச் செருகுவார். வாடகைக்கு எடுத்தவர் முன்னாலிருந்து பூட்டைத் திறந்து எடுத்துக்கொள்வார். உங்களிடம் இருப்பது அப்படி ஓர் அறையின் முன்கதவு.

அதில் கண்ணாடி ஏன் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். அமெரிக்காவில் 1863 வரை கடிதம் வீடு தேடி வருவது சாதாரண நடைமுறை இல்லை. தபால் தலையின் விலை, கடிதம் ஒரு தபால் நிலையத்திலிருந்து இன்னொரு தபால் நிலையத்துக்குப் போவதற்கு மட்டுமே. வீட்டுக்கு வேண்டுமென்றால் கொண்டுவந்து தருபவருக்குக் கடிதத்துக்கு ஒன்றோ இரண்டோ சென்ட் தனியாகக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பெரிய நகரங்களில் பெண்களுக்குத் தனி ஜன்னலே உண்டு. யாரும் கேட்டு வராத கடிதங்களின் பெயர்ப் பட்டியலைப் பத்திரிகையில் அச்சிடுவார்கள். அதில் தன் பெயரைப் பார்த்துவிட்டு ஓடிப் போய் வாங்குவார்கள்.

இந்த நெரிசலுக்கு மாற்றாக வந்தவைதான் எண் போட்ட அறைகள். தொடக்கத்தில் பூட்டுகூடக் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொந்து, அவ்வளவுதான். வாடகைதாரர் வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பார். உள்ளே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் ஜன்னலில் போய்த் தன் எண்ணைச் சொல்லிக் கேட்பார். காலியாக இருந்தால் பேசாமல் திரும்பிவிடுவார். ஊழியருக்கு "எனக்கு ஏதாவது வந்திருக்கா?" என்ற கேள்வியிலிருந்து விடுதலை, இவருக்கு வரிசையிலிருந்து விடுதலை. கதவில் பூட்டு வந்த பிறகும் அந்தக் கண்ணாடி போகவில்லை. உங்கள் கதவில் இருப்பதும் அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான்.

1863-இல் சட்டம் வந்து, ஜூலை 1 முதல் 49 நகரங்களில் இலவச வீட்டு விநியோகம் ஆரம்பித்தது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். போர்முனையிலிருந்து சேதி வந்திருக்கிறதா என்று பனிக்காலத்தில் பெண்கள் வரிசையில் நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, கிளீவ்லாந்து தபால் நிலையத்தில் வேலை பார்த்த ஜோசஃப் பிரிக்ஸ் இந்த யோசனையை முன்வைத்தார் என்று சொல்வார்கள்.

வீட்டுக்கே கடிதம் வர ஆரம்பித்த பிறகு இந்தக் கதவுகளுக்கு வேலை போயிருக்க வேண்டுமே? போகவில்லை. இலவச விநியோகம் நகரங்களுக்குத்தான். 1887-இல் விதியைத் தளர்த்தியபோதும் 10,000 மக்கள் தொகை என்பது ஓர் எல்லையாக இருந்தது. கிராமப்புற விநியோகம் 1896 அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவில் சோதனையாகத் தொடங்கி, 1902-இல்தான் நிரந்தரமானது. இடைப்பட்ட சிற்றூர்களுக்கெல்லாம் தபால் நிலையத்துச் சுவர்தான் கதி. 1901-இல் அந்த நாட்டில் 76,945 தபால் நிலையங்கள் இருந்தன. அதுவே உச்சம். அத்தனையிலும் பித்தளைக் கதவு இருந்தது என்று சொல்ல மாட்டேன், வெறும் மரப் பொந்து வைத்து ஓட்டியவை ஏராளம். ஆனாலும் இந்தக் கதவுகள் ஏன் இத்தனை கிடைக்கின்றன என்று இப்போது புரிந்திருக்கும். கலிஃபோர்னியாவில் கார்மல் என்ற கடலோர ஊரில் வீடுகளுக்குக் கதவு எண்ணே இல்லாமல் நூறாண்டு ஓட்டினார்கள். எல்லோரும் தபால் நிலையத்துக்கு நடந்துபோய்த்தான் கடிதம் எடுத்தார்கள்.

சிற்றூர் தபால் நிலையம் என்றால் தனிக் கட்டடம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் மளிகைக் கடையின் ஒரு மூலை. கடைக்காரரே போஸ்ட்மாஸ்டர். நான்காம் வகுப்புத் தபால் நிலையம் என்பார்கள். அங்கே நிலையான சம்பளம் கிடையாது, முத்திரை குத்திய தபால் தலைகளின் மதிப்பில் ஒரு பங்கும் பெட்டி வாடகையும்தான் வருமானம். இடமும் தட்டுமுட்டுச் சாமானும் அவர் பொறுப்பு. அதனால் பெட்டி வரிசை ஒன்றை வாங்கிப் போடுவது அவருக்கு ஒரு முதலீடு. வாஷிங்டனில் ஆட்சி மாறினால் போஸ்ட்மாஸ்டரும் மாறுவார், நம்மூர் ரேஷன் கடை அரசியல் போல. அப்போது அந்தப் பெட்டி வரிசை ஒரு கடையிலிருந்து எதிர்க்கடைக்குக் கைமாறும். ஓக் மரத்தில் செய்த ஒரு முகப்பு, நடுவில் தபால் தலை விற்கும் கிராதி ஜன்னல், இரு பக்கமும் பித்தளைக் கதவுகள். மொத்தமாகத் தூக்கி வண்டியில் வைக்கலாம்.

இந்தக் கதவுகளைச் செய்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியது யேல் கம்பெனி. இன்று நம் வீட்டுக் கதவில் இருக்கும் பூட்டின் தாத்தா, லைனஸ் யேல் இளையவர், ஓவியராக வேண்டும் என்று ஆசைப்பட்டு அப்பாவின் பூட்டுத் தொழிலுக்கு வந்தவர். சின்னத் தட்டைச் சாவி போட்டால் உள்ளே குட்டி ஊசிகள் ஏறி இறங்கித் திறக்கும் பூட்டுக்கு 1861-லும் 1865-லும் காப்புரிமை வாங்கினார். 1868-இல் ஹென்றி டவுனோடு சேர்ந்து கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டில் கம்பெனி தொடங்கிய கையோடு, அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் 47 வயதில் இறந்துபோனார். அவர் கண்டுபிடித்த தபால் பெட்டி அமைப்புக்கான காப்புரிமை, இறந்த பிறகு 1871-இல் கிடைத்தது. அதை வைத்துக் கம்பெனி நியூயார்க் தபால் அதிபர் மீதே வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், 1888-இல் தோற்றது. அதே மாநிலத்தில் நியூ பிரிட்டன் என்ற ஊரின் கார்பின் கம்பெனி இன்னொரு பெரிய பெயர். சாவிக்குப் பதில் எழுத்து வரிசைப்படி குமிழைத் திருகித் திறக்கும் பூட்டுக்கு இண்டியானாபொலிஸின் கீலெஸ் லாக் கம்பெனி. நியூ ஹாம்ப்ஷயரில் மில்ஃபோர்டு என்ற ஊரில் தபால் நிலையச் சாமான் செய்து பணக்காரரான ஜான் மெக்லேன் 1905-இல் அந்த மாநில ஆளுநரே ஆனார். ரஷ்ய-ஜப்பானியப் போரை முடித்த போர்ட்ஸ்மவுத் உடன்படிக்கை நடந்தபோது விருந்தினர்களை வரவேற்றவர் இந்தத் தபால் பெட்டிக்காரர்தான்.

வயதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. பின்பக்கம் அல்லது பூட்டின் மேல் ஒரு தேதி பொறித்திருந்தால் உடனே "1880-ஆம் வருஷத்துக் கதவு" என்று சொல்லிவிடாதீர்கள். அது காப்புரிமைத் தேதி. அதே அச்சில் பல ஆண்டுகள் வார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள். வடிவத்தைப் பாருங்கள். கண்ணாடியின் இரு பக்கமும் கிரேக்கத் தூண் போன்ற வேலைப்பாடு இருந்தால் பழைய பாணி. சிறகு விரித்த கழுகு இருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அமெரிக்காவில் பழசு வாங்கும் பலருக்குக் கழுகுதான் வேண்டும், எனக்கென்னவோ தூண்தான் அழகு. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பின் மேல் முலாம், அல்லது உள்ளே இரும்பு வைத்த பின்னாள் தயாரிப்பு. கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், வார்ப்புக் கதவு அதன் அளவுக்கு மீறிக் கனக்கும். உள்ளங்கை அளவு என்கிறீர்கள், அப்படியானால் அது மிகச் சிறிய அளவு, சுமார் மூன்றரைக்கு ஐந்து அங்குலம். வீட்டுக் கடிதத்துக்கு அது போதும். வியாபாரிகள் பெரியதாக வாடகைக்கு எடுப்பார்கள்.

இவை எப்படி வெளியே வந்தன என்றால், 1960-களிலும் 70-களிலும் பழைய கட்டடங்களைப் புதுப்பித்தபோது அலுமினியக் கதவுகள் வந்தன, பித்தளை கழிவாகிப் போனது. மரவேலை தெரிந்தவர்கள் அவற்றை வாங்கி ஓக்கிலும் வால்நட்டிலும் பெட்டி அடித்து உண்டியலாக விற்றார்கள். அமெரிக்கத் தாத்தாக்கள் பேரக்குழந்தைக்குக் கொடுக்கும் சாமானாகவே அது ஆகிவிட்டது. ஒரு எச்சரிக்கை: கதவு வைத்திருப்பதில் தப்பில்லை, ஆனால் தெருப் பெட்டிகளைத் திறக்க அங்கே தபால்காரர்கள் வைத்திருக்கும் சாவி, பூட்டு இவற்றை யாராவது விற்றால் வாங்காதீர்கள். அது அந்நாட்டுத் தபால் துறையின் சொத்து, விற்பதற்கோ முறைகேட்டுக்கோ வைத்திருப்பது குற்றம்.

இனி பூட்டு. எழுத்து வரிசை தெரியவில்லை என்று உங்கள் அக்கா பயந்திருப்பார். பயப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் நீங்கள் கதவுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். கதவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, மூடித் தகடு இருந்தால் அதன் திருகுகளைக் கழற்றுங்கள். அடுக்காகச் சில பித்தளை வட்டுகள் தெரியும், பெரும்பாலும் மூன்று. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெட்டு. பக்கத்தில் தாழ்ப்பாளோடு சேர்ந்த ஒரு சின்ன விரல் போன்ற துண்டு. மூன்று வெட்டுகளும் அந்த விரலுக்கு நேராக ஒன்றாக நின்றால் விரல் உள்ளே விழும், தாழ்ப்பாள் நகரும். குமிழை ஒரே திசையில் நாலைந்து சுற்று சுற்றினால் எல்லா வட்டுகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சேர்ந்து சுழலும். குமிழிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் வட்டின் வெட்டு விரலுக்கு நேராக வரும்போது நிறுத்துங்கள். முன்பக்கம் திருப்பி, முள் எந்த எழுத்தில் நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இப்போது எதிர்த்திசையில் சுற்றி, நடு வட்டின் வெட்டைக் கொண்டுவாருங்கள். மறுபடி எழுதுங்கள். மீண்டும் திசை மாற்றி மூன்றாவது. முள் இரண்டு எழுத்துக்கு நடுவில் நிற்கலாம், அதுவும் ஒரு இடம்தான். "சி-க்கும் டி-க்கும் நடுவில்" என்றே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு குமிழ் உள்ள பழைய கதவாக இருந்தால் இன்னும் எளிது, ஒவ்வொரு குமிழுக்கும் ஒரே வெட்டு.

முதல் தடவை அந்த விரல் வெட்டுக்குள் விழும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே இன்னொரு கதவு வாங்கத் தோன்றும். என்னிடம் இப்போது ஏழு இருக்கின்றன.

சிக்கிக்கொண்டிருந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய்கூடத் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். உலர்ந்த பிரஷ்ஷால் அழுக்கைத் தட்டிவிட்டு, பென்சில் முனையைச் சீவிக் கிடைக்கும் கரித்தூளை வட்டுகளுக்கு நடுவே தூவினால் போதும்.

சுத்தம் செய்ய: வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் தேய்க்கும் பிரஷ். முன்பக்கம் மட்டும். கண்ணாடியைக் கழற்ற முடிந்தால் முதலிலேயே கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். முடியாவிட்டால் உள்பக்கத்தில் ஈரம் படவே கூடாது. பச்சைக் களிம்பு இருக்கும் இடத்தை மட்டும் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து, உடனே ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பழுப்பு நிறம் வேறு, களிம்பு வேறு. களிம்பு உலோகத்தைத் தின்னும். பழுப்பு, பல வருஷம் பல கை பட்டு வந்த நிறம். குமிழைச் சுற்றி மட்டும் மஞ்சளாகத் தேய்ந்து, மூலைகள் கறுத்திருக்கும். அங்கேதான் 214-ஆம் எண்காரரின் விரல் தினமும் பட்டது. புளி போட்டால் எல்லாம் ஒரே மஞ்சளாகிவிடும், கடையில் நேற்று வாங்கியது போல. பழைய பெயின்ட் அடுக்கு இருந்தால் உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீர்கள், அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். முடிவில் மெழுகு பாலிஷ் ஒரு பூச்சு, அவ்வளவுதான். கடற்கரை ஊரில் இருந்தால் வருஷத்துக்கு இரண்டு முறை.

உண்டியலுக்கு வருவோம். கதவுக்காகத்தான் பெட்டி செய்ய வேண்டும். கையில் இருக்கும் ஒரு பெட்டிக்குக் கதவைப் பொருத்தப் பார்த்தால் கதவை அரத்தால் ராவ வேண்டி வரும், அது பாவம். முதலில், கதவு அதன் பித்தளைச் சட்டத்தோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். சட்டம் இருந்தால் கீலும் தாழ்ப்பாள் விழும் இடமும் அதிலேயே இருக்கும், பாதி வேலை முடிந்தது. வெறும் கதவு மட்டும் என்றால் கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் நீங்களே மரத்தில் இடம் செய்ய வேண்டும். அதற்குக் கை பழகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல ஆசாரி ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மரத்துக்கு ஓக் தேடி அலைய வேண்டாம். பழைய வீடு இடிக்கும் இடத்தில் தேக்கு ஜன்னல் சட்டம் கிடைக்கும். நன்றாக உலர்ந்த மரம், இனி முறுக்காது. அரை அங்குலக் கனத்துக்கு இழைத்து, நாலு பக்கத்தையும் விரல்களைக் கோத்தது போல ஃபிங்கர் ஜாயின்ட்டாகக் கோத்தால் பழைய தபால் சாமான் போலவே இருக்கும். ஆழம் நாலு, நாலரை அங்குலம் போதும். உண்மையான அறைகள் இதைவிட நீளம், ஆனால் மேசை மேல் வைக்கும்போது அவ்வளவு நீளம் அசிங்கமாக இருக்கும். முன்பக்க விளிம்பில் சட்டத்தின் கனத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, பித்தளை மரத்தோடு சமமாக உட்காரும்படி செய்யுங்கள். பின்பலகையையும் காடியில் செருகுங்கள், ஒட்டாதீர்கள், மரம் மூச்சுவிடட்டும்.

திருகு போடும்போதுதான் பலரும் தப்பு செய்கிறார்கள். பித்தளைத் திருகு மென்மையானது, தேக்கில் நேராக முடுக்கினால் தலை ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். சரியான அளவில் துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகை முதலில் ஏற்றிப் புரி வெட்டிக்கொள்ளுங்கள். அதைக் கழற்றிவிட்டு, பித்தளைத் திருகில் கொஞ்சம் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஏற்றினால் வெண்ணெய் மாதிரி இறங்கும். இரும்பையே விட்டுவிடலாமே என்று நினைக்காதீர்கள், நம்மூர் ஈரக்காற்றில் துருப்பிடித்துக் கறை இறக்கும்.

காசு போடும் வாயை மேல்பலகையில், பின்பக்கம் தள்ளி வையுங்கள். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். 32 மில்லிமீட்டர் நீளம், மூன்று மில்லிமீட்டர் அகலம் இருந்தால் எல்லாம் விழும். இரண்டு முனையிலும் துளை போட்டு நடுவை அரத்தால் திறப்பது, உளி வைப்பதைவிட எளிது. கண்ணாடி வழியாகக் காசு சேர்வது தெரியும். கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்க வைத்த ஜன்னல் இப்போது காசு பார்க்க.

உண்டியல் வேண்டாமென்றால் சாவி மாட்டும் சின்ன அலமாரி செய்யலாம். மூன்று நான்கு கதவு கிடைத்தால் சுவர் அடுக்கு. விளக்கு செய்கிறேன் என்று கண்ணாடிக்குப் பின்னால் பல்பு போடுகிறவர்கள் உண்டு. சூட்டில் அந்தத் தங்க எண் உரிந்துவிடும், எனக்கு அதில் உடன்பாடில்லை. கதவைப் பலகையில் திருகி வெறும் சுவர் அலங்காரமாக்குவதும் எனக்குப் பிடிக்காது. திறக்க முடியாத கதவு என்ன கதவு?

ஒன்றே ஒன்று பாக்கி. எழுத்து வரிசையை ஒரு சீட்டில் எழுதி உண்டியலுக்குள்ளேயே பத்திரமாகப் போட்டு மூடியவன் நான். கடைசியில் பின்பலகையைப் பெயர்த்துத்தான் எடுத்தேன். சீட்டை வேறெங்காவது வையுங்கள். பெட்டி முடிந்ததும் கதவைத் திறந்து வைத்தபடியே பத்து முறை பூட்டித் திறந்து பாருங்கள். பத்தும் சரியாக வந்தால், அப்புறம் மூடுங்கள்.